அறிவியல், தத்துவம், ஆன்மிகம் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வாரக் கடைசியில் சைவ சித்தாந்த நூல்களை வாசிக்கும் சிறு வட்டம் ஒன்றில் உட்காருகிறேன். இரண்டு இடங்களிலும் ஒரே சந்தேகங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. மாணவர்கள் வகுப்பு முடிந்தபின் தயங்கிக் கேட்பதைப் பெரியவர்கள் கூட்டத்தின் நடுவே உரக்கக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை அப்படியே வைத்து, நான் சொல்லிவரும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றின் மேல் நிற்பதால் வரிசையாக வாசிப்பது நல்லது.

மூன்றும் கடைசியில் ஒன்றுதானே? எதற்குப் பிரித்துப் பேச வேண்டும்?

மூன்றும் ஒரே உலகத்தைப் பற்றியவை. ஒரே மனிதனிடம் வந்து சேர்பவை. அந்த அளவில் ஒன்றுதான். ஆனால் அவை கேட்கும் கேள்விகள் வேறு. மழை எப்படிப் பெய்கிறது என்பது அறிவியலின் கேள்வி. ‘எப்படி’ என்பதற்குச் சொன்ன விடை சரி என்று எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பது தத்துவத்தின் கேள்வி. இப்படி ஓர் உலகில் பிறந்துவிட்ட நான் எப்படி வாழ்வது, எதற்கு முன் தலை வணங்குவது, என் துன்பத்தை என்ன செய்வது என்பவை ஆன்மிகத்தின் கேள்விகள்.

பிரிக்காமல் கலந்துவிட்டால் மூன்றுமே கெடும். ஆன்மிகம் தன்னை நிரூபித்துக்கொள்ள இயற்பியல் சொற்களைக் கடன் வாங்கும். அறிவியல் தனக்கு எட்டாதவற்றிலும் தீர்ப்புச் சொல்லும். தத்துவம் இரண்டுக்கும் தரகு வேலை பார்க்கும். சேர்ப்பதற்கு ஆசைப்படுகிறவன் நான். அதனால்தான் முதலில் பிரித்துக் காட்டுகிறேன்.

அறிவியலும் ஆன்மிகமும் போதாதா? நடுவில் தத்துவம் எதற்கு?

ஒரு கூற்றைக் கேட்டவுடன் ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்கும் பழக்கம் தத்துவத்திடம்தான் இருக்கிறது. நம் மரபில் இதற்கு அளவை என்று பெயர். மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அங்கே முதலில் பேசுகிற அளவைவாதி, கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. அறிவதற்கான வழிகள் எத்தனை என்றுதான் தொடங்குகிறான். வேதவியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார் என்று கணக்கும் சொல்கிறான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை எழுதியபோதும் அளவையைத்தான் முன்னால் வைத்தார். பத்து அளவைகளையும் எண்ணிக் காட்டிவிட்டு, அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடித்தார். காண்டல் நேரே அறிவது. கருதல் ஒன்றைக் கண்டு மற்றொன்றை ஊகித்து அறிவது. உரை நம்பத்தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது. பக்தி நூல் ஒன்று இப்படித் தொடங்குவதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. இந்தப் பக்கத்தின் மற்றப் பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்று சொற்களை வைத்தே நகரும்.

கண்ணால் பார்ப்பதை மட்டும்தான் நம்புவேன். அதுதானே அறிவியல்?

அதே மணிமேகலையில் இப்படிச் சொல்கிற பூதவாதி, அதாவது பருப்பொருளே எல்லாம் என்பவன், ஒருவன் வருகிறான். காட்சியைத் தவிர வேறு அளவையை ஏற்க மாட்டேன் என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டு, உன் தாய் தந்தையரைக் கருதலால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நேர்ப்பதில் கிடையாது.

அறிவியலும் கருதலில்தான் பெரிதும் நடக்கிறது. அணுக்கரு எலக்ட்ரானை உமிழும் பீட்டாச் சிதைவில் ஆற்றல் கணக்கு இடித்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் அதை எடுத்துச் செல்கிறது என்று இயற்பியலாளர் வொல்ஃப்காங் பாலி 1930-இல் கருதினார். நியூட்ரினோ என்று பின்னால் பெயர் பெற்ற அந்தத் துகளை ஆய்வகத்தில் பிடிக்க 1956 வரை ஆயிற்று. வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்கள் 1965-இல் நம் பக்கத்துக் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் பதிவாயின. அந்த இருபத்தாறு ஆண்டுகள் பாலி மூடநம்பிக்கையில் இருந்தார் என்று யாரும் சொல்வதில்லை. காணாததைக் கருதலாம், கருதியதைச் சோதனைக்கு நிறுத்தவும் வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னாராமே? அப்படியானால் கணிதம் கடவுள் தந்ததுதானே?

தம் சூத்திரங்கள் நாமக்கல் நாமகிரித் தாயார் அருளியவை என்று ராமானுஜன் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை மறுக்க எனக்கு உரிமை இல்லை. அது அவருடைய அனுபவம். ஆனால் ஒரு சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. அது சரியா என்பது வேறொன்று. 1913-இல் அவர் கேம்பிரிட்ஜுக்கு எழுதியனுப்பியவற்றில் பகா எண்களைப் பற்றிய கூற்றுகளில் தவறு இருந்ததை அங்கிருந்த கணிதவியலாளர் ஹார்டி கண்டுபிடித்தார். அதே மனிதர், அதே தாயார், அதே பக்தி. தவறு தவறாகவே இருந்தது.

மறுபக்கமும் உண்டு. மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன் 1920-இல் அவர் எழுதிய கடைசிக் கடிதத்தில் வந்த போலித் தீட்டாச் சார்புகள் என்ற புதுவகைக் கணிதச் சார்புகள் எந்த அமைப்பைச் சேர்ந்தவை என்று கணிதம் தெளிவாகச் சொல்ல 2002 வரை ஆயிற்று. நாமகிரித் தாயாரை நம்பாத கணிதவியலாளர்களும் அந்தச் சார்புகளை மதித்து அவற்றோடு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். ராமானுஜனின் பக்தியையும் அவருடைய கணிதத்தையும் முழு மரியாதையோடு ஒரே கையில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மற்றதற்குச் சாட்சியாக அழைக்கத் தேவையில்லை.

அண்டங்கள் விரிவதை மாணிக்கவாசகர் அப்போதே பாடிவிட்டாரே! விஞ்ஞானிகள் இப்போதுதானே கண்டுபிடித்தார்கள்?

எங்கள் வட்டத்தில் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். அவருடைய திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் அண்டங்கள் ‘நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன’ என்று வருவது உண்மை. அடுத்த அடிகளையும் வாசியுங்கள். வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கும் நுண்தூசியைப் போல அத்தனை அண்டங்களும் சிறுத்துத் தெரியும்படி பெரியவன் இறைவன் என்கிறார். பாட்டின் நோக்கம் அண்டத்தை அளப்பது இல்லை. அளக்கப் புகுந்த மனத்தை வியப்பில் ஆழ்த்துவது. அங்கே உள்ள ‘விரிந்தன’ பரந்து கிடப்பதைச் சொல்கிறது. விண்மீன் திரள்கள் தொலைவுக்கு ஏற்ற வேகத்தில் விலகுகின்றன என்று எட்வின் ஹப்பிள் 1929-இல் காட்டிய விரிவைச் சொல்லவில்லை.

இத்தகைய கூற்றுகளுக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அறிவியல் கண்டுபிடிப்பதற்கு முன்பே அந்தப் பாடலை வாசித்து யாராவது அந்த உண்மையை எடுத்தார்களா? எடுத்திருந்தால் பாடல் அறிவியல் சொன்னது. கண்டுபிடித்த பிறகே பாடலில் அது தெரிகிறது என்றால், நாம்தான் உள்ளே வைத்துவிட்டு வெளியே எடுக்கிறோம். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வருகிறது. எனக்கு வருத்தம் வேறு இடத்தில்: ஹப்பிளின் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் திருவாசகத்துக்கு மதிப்பு என்றால், அதைப் பாடி உருகியவர்களெல்லாம் எதைப் பாடினார்கள்?

செர்ன் ஆய்வகத்திலேயே நடராஜர் சிலை வைத்திருக்கிறார்களே. அது அறிவியல் ஒப்புக்கொண்டது இல்லையா?

ஜெனிவாவில் உள்ள அந்தச் சிலை, செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தோடு இந்தியாவுக்கு இருக்கும் நீண்ட கூட்டுறவை நினைவூட்ட இந்திய அரசு அளித்த பரிசு. 2004 ஜூன் 18 அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம். துகள்கள் தோன்றி மறையும் ஓயாத இயக்கத்துக்கு ஆனந்தத் தாண்டவம் அழகான உருவகம் என்பதை அங்குள்ள இயற்பியலாளர்கள் பலரும் ரசிக்கிறார்கள். உருவகம் அழகாக இருப்பது நிரூபணம் ஆகாது.

அதோடு, சித்தாந்தம் அந்தத் திருவுருவத்தில் காண்பது இன்னும் அதிகம். துடி படைத்தல், அமைந்த கை காத்தல், நெருப்பு அழித்தல், ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய பாதம் அருளல். காலடியில் கிடக்கும் முயலகன் நம் ஆணவ மலம், அதாவது உயிரை மறைக்கும் அறியாமை. முதல் மூன்றுக்கு வேண்டுமானால் துகள் இயற்பியலில் நிழல் தேடலாம். மறைத்தலுக்கும் அருளலுக்கும் எந்தத் துகள் முடுக்கியில் தேடுவது? இயற்பியலோடு ஒப்பிட்டதும் நடராஜர் பெரிதாகவில்லை, பாதியாகக் குறைந்துவிட்டார்.

சிதம்பரம் பூமியின் காந்த மையத்தில் கட்டப்பட்டது என்று படித்தேன். உண்மையா?

இல்லை. பூமிக்கு அப்படி ஒரு மையப் புள்ளி மேற்பரப்பில் கிடையாது. காந்த நடுக்கோடு என்ற ஒரு கோடு உண்டு; அது தென்னிந்தியாவின் தென்கோடி வழியாகச் செல்வதால்தான் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவை ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அந்தக் கோடும் காலப்போக்கில் நகரக்கூடியது. சிதம்பரம் அதிலிருந்து வெகு வடக்கே இருக்கிறது. தில்லையின் பெருமைக்குக் காந்தம் வேண்டாம்.

தும்பாவைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஏவுதளத்துக்குத் தேவைப்பட்ட இடத்தில் புனித மகதலேனா மரியாள் தேவாலயம் இருந்தது. இந்திய விண்வெளித் திட்டத்தின் முன்னோடி விக்ரம் சாராபாய் ஆயரிடம் பேசினார். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா மக்களின் ஒப்புதலோடு இடத்தைக் கொடுத்தார். தேவாலயக் கட்டடத்தில் விஞ்ஞானிகள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். சமயமும் அறிவியலும் கைகோப்பதற்குச் சான்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

குவாண்டம் இயற்பியலில் பார்ப்பவன் இல்லாமல் உலகமே இல்லை என்கிறார்களே? உணர்வுதான் எல்லாவற்றையும் படைக்கிறது என்ற வேதாந்தம் அதுதானே?

குவாண்டம் இயற்பியலில் ‘பார்த்தல்’ என்று சொல்வது மனிதக் கண்ணையோ மனத்தையோ குறிப்பதில்லை. ஒரு துகள் தன்னைப் பற்றிய தகவல் வெளியே பதிவாகும்படி வேறொன்றோடு உறவாடுவதைக் குறிக்கிறது. 2004-இல் வியன்னாவில் செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. எழுபது கரி அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளைச் சூடாக்கி அனுப்பினார்கள். சூடு குறைவாக இருந்தபோது அவை அலைபோல் குறுக்கிட்டுக் கோலம் போட்டன. சூடு ஏற ஏற மூலக்கூறுகளே ஒளியை உமிழ்ந்தன. அந்த ஒளி அவை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. கோலம் மங்கி மறைந்தது. அந்த ஒளியை ஒருவரும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

உணர்வுக்கு இதில் பங்கு உண்டு என்று நோபல் பரிசு பெற்ற யூஜின் விக்னர் 1961-இல் எழுதியது உண்மை. சுற்றுச்சூழலோடு உறவாடுவதே குவாண்டம் பண்புகளைக் கலைத்துவிடும் என்ற ஆய்வுகள் வந்தபின் அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டார். முதலில் சொன்னதை மேற்கோள் காட்டுபவர்கள் பின்னால் கைவிட்டதைச் சொல்வதில்லை. அளவீட்டின் முழுப் பொருள் என்ன என்பதில் இயற்பியலாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த இடைவெளியில் நம் விருப்பத்தைக் கொண்டுபோய் நிரப்பக் கூடாது.

ஆனால் ஷ்ரோடிங்கரே உபநிடதம் படித்துத்தானே சமன்பாட்டைக் கண்டுபிடித்தார்?

எர்வின் ஷ்ரோடிங்கர் வேதாந்தத்தில் ஆழ்ந்தவர் என்பது சரி. 1944-இல் வெளிவந்த உயிர் பற்றிய நூலின் முடிவுரையில் ஆன்மாவும் பிரம்மமும் ஒன்று என்ற உபநிடதக் கருத்தைத் தம் கருத்தாகவே எழுதினார். அலைச் சமன்பாட்டுக்கு முன்பே, 1925-இல், வேதாந்தச் சாயலுள்ள தத்துவக் கட்டுரை ஒன்றையும் எழுதி வைத்திருந்தார். ஆனால் சமன்பாடு பொருளுக்கும் அலைத்தன்மை உண்டு என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் டி பிராலியின் கருத்திலிருந்து கிளைத்தது, உபநிடதத்திலிருந்து வரவில்லை.

அவர் சொன்ன ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த 1925 கட்டுரையையும் சேர்த்து, தம் உலகப் பார்வையைச் சொல்லும் நூலை 1961-இல் வெளியிட்டபோது, அதில் அலை இயக்கவியலையும் நிச்சயமின்மையையும் பற்றி ஏன் பேசவில்லை என்று முன்னுரையில் விளக்கினார். மற்றவர்கள் நினைக்கும் அளவுக்கு அவற்றுக்கும் தத்துவப் பார்வைக்கும் தொடர்பு இருப்பதாகத் தாம் கருதவில்லை என்றார். இரண்டிலும் முழுமூச்சாக வாழ்ந்தவர், இரண்டையும் கட்டிப்போட மறுத்தார்.

அப்படி இரண்டையும் நேர்மையாக வைத்துக்கொண்ட வேறு யாராவது உண்டா?

ஜார்ஜ் லெமேத்ர். கத்தோலிக்கப் பாதிரியார், பெல்ஜியத்துக்காரர். பிரபஞ்சம் விரிகிறது என்பதை 1927-இல் சார்பியல் சமன்பாடுகளிலிருந்து வருவித்தவர். 1931-இல் எல்லாம் ஒரு தொல்லணுவிலிருந்து தொடங்கியது என்றார். பெருவெடிப்புக் கொள்கையின் வேர் அது. 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், அறிவியல் படைப்பின் கணத்துக்கே சாட்சி சொல்கிறது என்ற பொருளில் பேசினார். பாதிரியாரான லெமேத்ருக்கு மகிழ்ச்சிதானே வர வேண்டும்? அவருக்கு அது பிடிக்கவில்லை. போப் இனி அப்படிப் பேசாமலிருக்க முயற்சி எடுத்தார். தம் கொள்கை எந்தச் சமயக் கேள்விக்கும் வெளியே நிற்பது, கடவுளை மறுப்பவர்க்கும் அது தடையில்லை என்று பின்னாளில் தெளிவாகவே சொன்னார். நாளை கொள்கை மாறினால் கடவுளும் மாற வேண்டி வரும் என்பது அவரைப் போன்ற பக்தருக்குத்தான் முதலில் உறைக்கும்.

தியானம் அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டுவிட்டதா, இல்லையா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

ஒரே சொல்லில் முடியாது, ஏனென்றால் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மனப்பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைத் தியானம் குறைக்கிறதா? 2014-இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் 47 சோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, சேர்த்துப் பார்த்தார்கள். மிதமான சான்றோடு, சிறிய முதல் நடுத்தரம் வரையான பயன் தெரிந்தது. உடற்பயிற்சி, மருந்து, பிற மனப் பயிற்சிகள் போன்றவற்றைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பயன் இருக்கிறது, மாயம் இல்லை. தீவிர மனநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட தியான முகாம்களுக்குப் போகக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி, தியானத்தில் கிடைப்பதாகச் சொல்லும் ஞானம் உண்மையா என்பது. மூளை வரைவுகள் அதைச் சொல்லாது. பிரார்த்தனைக்கும் இதே நிலைதான். 2006-இல் அமெரிக்காவில் இதய அறுவைச் சிகிச்சை பெற்ற 1,802 பேரிடம் சோதித்தார்கள். முன்பின் அறியாதவர்கள் பிரார்த்தித்ததால் சிக்கல்கள் குறையவில்லை. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த குழுவில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல் வந்தது, பிரார்த்தனை பெறாத குழுவில் 51 விழுக்காடு. நான் தினமும் வழிபடுகிறவன். இந்த முடிவைப் படித்து வழிபாட்டை நிறுத்தவில்லை, ஏனென்றால் மருந்துக்குப் பதிலாக அதைச் செய்யவில்லை.

நான் பகுத்தறிவாளன். கடவுளை நம்பாத எனக்கு இந்தப் பேச்சில் இடம் உண்டா?

நிச்சயமாக உண்டு. பௌத்தமும் சமணமும் படைப்புக் கடவுள் இல்லாமலே ஆழ்ந்த ஆன்மிகத்தை இந்த மண்ணில் வளர்த்தவை. வெண்குறு விண்மீன்களின் எடைக்கு எல்லை கண்டு 1983-இல் நோபல் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் தம்மை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டார். அறிவியலில் அழகுக்கு உள்ள இடத்தைப் பற்றி அவர் எழுதியவற்றில் இருக்கும் பணிவும் வியப்பும் எந்தப் பக்தனுக்கும் குறைந்தவை அல்ல.

நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பொதுவான உரைகல் ஒன்றை வடலூர் வள்ளலார் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வடலூரில் அவர் 1867-இல் முதலில் தொடங்கியது பசித்தவர்க்குச் சோறிடும் தருமச்சாலை. சத்திய ஞான சபை 1872-இல்தான் வந்தது. சீவகாருணியமே வீட்டின் திறவுகோல் என்றவர் அந்த வரிசையிலேயே செய்தும் காட்டினார். உங்கள் பகுத்தறிவு உங்களைப் பசித்தவனிடம் கொண்டுபோகிறதா, நம்பிக்கை உள்ளவரின் பக்தி அவரைக் கொண்டுபோகிறதா என்று பார்ப்போம். மற்ற வாதங்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உணர்வு மூளையின் வேலைதானே? அது தெரிந்துவிட்டால் ஆன்மாவுக்கு வேலை இல்லையே?

மூளை இல்லாமல் நமக்குத் தெரிந்த எந்த உணர்வும் நடக்கவில்லை என்பதை ஏற்கத்தான் வேண்டும். மயக்க மருந்து கொடுத்தால் உணர்வு போகிறது. பக்கவாதம் வந்தால் குணமே மாறுகிறது. ஆனால் நரம்பணுக்களின் மின்னோட்டம் ஏன் உள்ளே ஒரு ‘வலி’யாக, ஒரு ‘சிவப்பா’க உணரப்படுகிறது என்பதற்கு இன்னும் விளக்கம் இல்லை. 1998-இல் நரம்பியலாளர் கிறிஸ்டஃப் காக், இருபத்தைந்து ஆண்டுகளில் உணர்வுக்குரிய நரம்புத் தடத்தைத் தெளிவாகக் கண்டுவிடுவோம் என்று தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க்கில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் புட்டிகளைக் கொடுத்தார்.

சிவஞான சித்தியார் காண்டலை நான்காகப் பிரிக்கும்போது பொறிக்காட்சி, மனக்காட்சி என்பவற்றோடு தன்வேதனைக் காட்சி என்று ஒன்றைத் தனியே வைக்கிறது. இன்பதுன்பங்களை ஒருவர் தம்முள்ளே நேராக அறிவது அது. யோகக் காட்சி நான்காவது. உள்ளிருந்து அறிவதற்குத் தனி இடம் வேண்டும் என்பதை அந்த ஆசிரியர் கண்டுகொண்டார். இதனால் ஆன்மா நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. காக் தோற்றது சித்தாந்தத்துக்குக் கிடைத்த வெற்றியும் இல்லை. நாளை நரம்பியல் முழு விளக்கம் தரலாம். தந்தால் வாசிக்க முதல் ஆளாக நிற்பேன்.

உரையை ஓர் அளவையாக ஏற்பது குருட்டு நம்பிக்கை இல்லையா?

இயற்பியல் ஆசிரியனான நான் நியூட்ரினோவைக் கண்டதில்லை. கண்டவர்கள் எழுதியதை நம்புகிறேன். அதுவும் உரைதான். ஒரு வாழ்நாளில் எல்லாவற்றையும் நேரே சோதிக்க யாராலும் முடியாது. வேறுபாடு, அந்த உரையைச் சந்தேகிப்பவருக்கு வழி திறந்திருக்கிறதா என்பதில். சோதனைக் குறிப்பு வெளியே கிடக்கிறது. கருவியும் பணமும் இருந்தால் செய்து பார்க்கலாம். தவறென்று காட்டினால் பெயர் வாங்கலாம்.

அருளாளர்களின் உரைக்கு அத்தகைய சோதனைச்சாலை இல்லை. வாழ்ந்து பார்ப்பதுதான் வழி. அதன் முடிவும் வாழ்ந்தவருக்கு மட்டும் தெரியும். திருமுறையை நான் உரையாக ஏற்கிறேன். அதை வைத்து உங்கள் மேல் வழக்குத் தொடுக்க முடியாது என்பதையும் ஏற்கிறேன். குரு ஒருவர் கேள்வி கேட்காதே என்றால், அந்த உரையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். மாற்றுச் சமயங்களின் வாதங்களை எடுத்துச் சொல்லி மறுப்பதற்காகவே பரபக்கம் என்று ஒரு பெரும் பகுதியை ஒதுக்கிய மரபு நம்முடையது.

அறிவியலும் ஆன்மிகமும் நேருக்கு நேர் மோதினால் எந்தப் பக்கம் நிற்பீர்கள்?

காணவும் அளக்கவும் கூடிய ஒன்றைப் பற்றிய மோதல் என்றால் அறிவியலின் பக்கம், தயக்கமில்லாமல். 1987 முதல் விஞ்ஞானிகளோடு தொடர்ந்து உரையாடிவரும் தலாய் லாமா, பௌத்தத்தின் ஒரு கூற்று பொய்யென்று அறிவியல் உறுதியாகக் காட்டினால் பௌத்தம் அதைக் கைவிட வேண்டும் என்று 2005-இல் எழுதினார். மேரு மலையை நடுவில் வைக்கும் பழைய உலக வரைபடத்தை அப்படியே கைவிட்டும் இருக்கிறார். அதனால் கருணையைப் பற்றிய பௌத்த போதனையில் ஒரு வரிகூடத் தளரவில்லை.

மோதல் அளவைக்குள் வராத இடத்தில் என்றால் அங்கே வெற்றி தோல்வி இராது. 1930 ஜூலை 14 அன்று பெர்லினை அடுத்த காபுத் கிராமத்து வீட்டில் தாகூரும் ஐன்ஸ்டைனும் பேசிக்கொண்டார்கள். உண்மை மனித மனத்தோடு கூடியதே என்றார் தாகூர். மனிதர் இல்லாவிட்டாலும் உண்மை உண்மையே என்றார் ஐன்ஸ்டைன். அதைத் தம்மால் நிரூபிக்க முடியாது, ஆனால் அதுவே தம் சமயம் என்றும் சொன்னார். கவிஞர் வாதத்தை அடுக்க, விஞ்ஞானி நம்பிக்கையை ஒப்புக்கொண்ட அந்த மாலையை நான் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு.

இவ்வளவு பிரித்துவிட்டீர்கள். அப்புறம் ‘முழுமைப் பார்வை’ எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையைக் காட்டுவேன். சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலி. பிறகு மருத்துவச் சமூகப் பணியாளர். சாகும் தறுவாயில் இருப்பவர்களின் வலியை மருத்துவர்கள் கவனிப்பதில்லை என்று கண்டு, முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படிக்கப் போய் 1957-இல் மருத்துவரானார். ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை உள்ளவர். 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். இறுதி நோயாளியின் வலி உடலில் மட்டும் இல்லை. பயத்திலும், குடும்பக் கவலையிலும், பணமுடையிலும், ‘எனக்கு ஏன் இது’ என்ற கேள்வியிலும் இருக்கிறது, எல்லாம் சேர்ந்ததே ‘முழு வலி’ என்று அவர் வகுத்தார். நோயாளிகளின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டதிலிருந்து வந்த கருத்து அது.

இதைச் சொல்லிவிட்டு அவர் பிரார்த்தனையோடு நின்றுவிடவில்லை. வலி வந்தபின் கெஞ்சவைத்து மருந்து கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, வலி திரும்புவதற்கு முன்பே மணிக்கணக்குப்படி மார்ஃபின் கொடுத்து, நூற்றுக்கணக்கான நோயாளிகளின் குறிப்புகளைப் பதிவு செய்தார். அப்போது ஹெராயின்தான் மார்ஃபினைவிடச் சிறந்தது என்ற நம்பிக்கை அங்கே பரவியிருந்தது. அதை அவருடைய இல்லத்திலேயே ராபர்ட் டிவைகிராஸ் முறையாகச் சோதித்து, வாயால் கொடுக்கும்போது பெரிய வேறுபாடு இல்லை என்று காட்டினார். நடைமுறையை மாற்றிக்கொண்டார்கள். நம்பிக்கை அவரை நோயாளியின் கட்டிலருகே உட்காரவைத்தது. வலி என்றால் என்ன என்ற தத்துவக் கேள்வி எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டியது. எவ்வளவு மருந்து, எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதை அறிவியல் தீர்த்தது.

நம் பக்கத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர்கள் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம் இதே வழியில் வளர்ந்து, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களை வீடுவீடாக அனுப்பும் பெரிய வலையாகிவிட்டது. அங்கே போகிறவர்களில் தொழுகிறவர்களும் உண்டு, மார்க்சியர்களும் உண்டு. மார்ஃபின் அளவில் அவர்களுக்குள் சண்டை கிடையாது.

என் மகள் பள்ளியில் பரிணாமம் படிக்கிறாள். வீட்டில் பாட்டி தசாவதாரம் சொல்கிறார். மீன், ஆமை, பன்றி என்று அதுவும் பரிணாமம்தான் என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம். அந்த ஒப்பீடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் டார்வினுக்குப் பிறகு கிளம்பியது. மேலே திருவண்டப்பகுதிக்குச் சொன்ன சோதனையில் தேறாது. பரிணாமம் ஏணிப்படி மாதிரி மேலே போவதில்லை, கிளைகளாகப் பிரிவது. ஆமையும் பன்றியும் நமக்கு மூதாதையர் இல்லை, தூரத்து உறவினர். இப்படிச் சொல்லிக்கொடுத்தால் அவள் உயிரியலையும் தவறாகப் படிப்பாள், பாட்டியின் கதையில் யானையின் கூக்குரலுக்கு ஓடி வந்தவனையும் தூணைப் பிளந்து வந்தவனையும் தவறவிடுவாள்.

குழந்தைகளுக்கு இது நாம் பயப்படும் அளவுக்குக் குழப்பம் தருவதில்லை. எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று பிரித்துக் காட்டினால் போதும். மனிதன் எப்படி வந்தான் என்று கேட்டால் பள்ளிப் பாடத்தைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அவளோடு சேர்ந்து படியுங்கள். பிரகலாதன் ஏன் பயப்படவில்லை என்று கேட்டால் பாட்டியிடம் அனுப்புங்கள். இரண்டில் எது உண்மை என்று கேட்டால், ‘உனக்கு எப்படித் தெரியும் என்று இரண்டு பேரையும் கேள்’ என்று சொல்லுங்கள். பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.